பாடம் புரியுது, படிக்கத்தான் வரலை: கற்றல் குறைபாடுள்ள மாணவர்கள் வகுப்பறையில் ஜெயிக்க என்ன தேவை?

செவ்வாய்க்கிழமை காலையில் நல்லம்பள்ளி சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? தருமபுரி - சேலம் சாலையை ஒட்டிய இந்த ஊரில் அன்றைக்கு ஆடுகளின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். விற்பவர், வாங்குபவர், நடுவில் தரகர் என்று பேரம் நடந்துகொண்டே இருக்கும்.

அங்கே அப்பாவோடு ஆடு ஓட்டிவந்த ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு ஆடு 7,500 ரூபாய் என்றால் மூன்று ஆட்டுக்கு எவ்வளவு, அதில் தரகுக்கு எவ்வளவு போகும், கையில் என்ன நிற்கும் என்று பேனா எடுக்காமலே சொல்லிவிடுகிறான். எந்த ஆடு சினையாக இருக்கிறது, எதற்கு வாய்ப்புண் வந்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும்.

மறுநாள் புதன்கிழமை. கணக்கு வகுப்பு. ‘ஒரு வணிகர் ஒரு பொருளை...’ என்று தொடங்கும் நாலு வரிக் கணக்கு. பையன் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறான். பக்கத்து பெஞ்சில் மூன்றாவது கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. “என்னடா, இன்னும் எழுதவே ஆரம்பிக்கலையா?” என்று சார் கேட்கிறார். தலையைக் குனிந்துகொள்கிறான். அவனுக்கு வரும் பட்டம் ஊர் ஊருக்கு ஒன்றுதான்: மக்கு.

அந்தப் பையனுக்குக் கணக்கு தெரியவில்லையா, இல்லை கணக்கை வாசிக்கத் தெரியவில்லையா? இது இரண்டும் ஒன்றில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறைய பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் போகிறார்கள்.

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

புத்திசாலித்தனம் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். கண், காது நன்றாக இருக்கும். பள்ளிக்கும் ஒழுங்காகப் போவார்கள். ஆனால் வாசிப்பது, எழுதுவது, எண்களைக் கையாள்வது ஆகியவற்றில் ஏதோ ஒன்றில், அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவற்றில், வயதுக்கு ஏற்ற திறன் வராது. இதைத்தான் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்கிறார்கள். வாசிப்பில் சிக்கல் என்றால் டிஸ்லெக்ஸியா. எழுதுவதில் என்றால் டிஸ்கிராபியா. எண்களில் என்றால் டிஸ்கால்குலியா.

‘தாரே ஜமீன் பர்’ படம் 2007-ல் வந்தபோதுதான் பலருக்கு இந்த வார்த்தையே அறிமுகமானது. ஆனால் விஷயம் பழசு. 1896-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டில் சுறுசுறுப்பு, கணக்கும் போடுவான். ஆனால் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் வாசிப்பு வரவில்லை. ‘பெர்சி’ என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஆசிரியர் கவனித்ததைத்தான் இன்றைக்கும் பாட ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியிருக்கிறது.

எத்தனை பேருக்கு இது இருக்கும்? மனநல மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கையேடு, பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் என்று சொல்கிறது. 40 பேர் உட்காரும் வகுப்பில் இரண்டிலிருந்து ஆறு பேர். அதாவது, ‘எங்க ஸ்கூல்ல அப்படி யாரும் இல்ல’ என்று சொன்னால் பெரும்பாலும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வாசிக்கத் திணறினாலே டிஸ்லெக்ஸியாவா?

கிடையாது. இதில் அவசரப்படக் கூடாது.

2025-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் செய்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனதிலேயே போட்டார்கள். அதே மாதிரிக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தபோது திணறினார்கள். பள்ளி மாணவர்களுக்கோ நிலைமை தலைகீழ். புத்தகக் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. அந்தச் சிறுவர்களுக்குக் கற்றல் குறைபாடு என்று ஆய்வு சொல்லவில்லை. தெருவில் தெரிந்ததைப் பள்ளிக்கூடம் பாடத்தோடு இணைக்கவில்லை என்பதுதான் அதில் தெரிந்தது.

ஆக, ஒரு மாணவர் பின்தங்குவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பார்வைக் குறைவு, காது கேட்பதில் சிக்கல், அடிக்கடி லீவு, அப்பா அம்மா பெங்களூருவுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனதால் நடுவில் பள்ளி மாறியது, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவது, கொரோனா காலத்தில் விட்டுப்போன அடிப்படை என்று வரிசை நீளும். இதையெல்லாம் பார்த்து, கூடுதலாகச் சொல்லிக்கொடுத்த பிறகும் மாற்றம் இல்லை என்றால்தான் கற்றல் குறைபாடு பற்றி யோசிக்க வேண்டும்.

ஆசிரியரோ பெற்றோரோ கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில:

• கேட்டால் டக்கென்று பதில் வரும். எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்டாது.
• முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்து வாசிப்பது. ‘பழம்’ என்று இருந்தால் ‘பள்ளம்’ என்பது.
• போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது வரி விட்டுப்போவது.
• 63-ஐ 36 என்று எழுதி, அந்தத் தப்பான எண்ணுக்குச் சரியாகக் கணக்குப் போடுவது.
• வாசிக்கும் முறை வரும்போது தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக அனுமதி கேட்பது.

கடைசி அறிகுறியைப் பலர் சேட்டை என்று நினைத்துவிடுகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, சேட்டை செய்யும் பையன் கண்ணில் படுகிறான். அமைதியாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து அழகாக எழுதிவிடும் பெண் பிள்ளை யார் கண்ணிலும் படுவதில்லை.

தமிழில் என்ன சிக்கல்?

ஆங்கிலம்தான் கஷ்டம், தமிழ் எழுதியபடி வாசிப்பதுதானே என்று தோன்றும். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் தமிழுக்கே உரிய சில மேடு பள்ளங்கள் இருக்கின்றன.

முதலில், எண்ணிக்கை. 247 எழுத்துகள். அதில் 216 உயிர்மெய். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ‘எ’ ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. ‘கௌ’வில் கடைசியில் நிற்பது பார்க்க ‘ள’ மாதிரியே இருக்கும். ல, ள, ழ. ன, ண, ந. ர, ற என்று பேச்சில் பலர் வித்தியாசம் காட்டாத ஒலிகளுக்கு எழுத்தில் வேறு வேறு வடிவம். ‘கல்’, ‘மகன்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ இருக்கிறது, ஒலி மட்டும் ஒன்றாக இல்லை.

இதோடு பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் ‘வந்துட்டான்’ என்பவன் புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்பதை வாசிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் இரண்டாம் மூன்றாம் வகுப்புக்குள் தாண்டிவிடும் இந்த மேடுகளில் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை வருஷக்கணக்கில் நின்றுவிடும்.

அதேநேரம் தமிழ் வழியில் ஒரு வசதியும் உண்டு. அறிவியல் சொற்களைப் பிரித்தாலே பாதி அர்த்தம் வந்துவிடும். ஒளி + சேர்க்கை. வளி + மண்டலம். நீர் + ஆவி + போக்கு. நீளமான சொல்லைக் கண்டு மிரளும் மாணவருக்கு அதை உடைத்துக் காட்டினால், வாசிப்பும் எளிதாகும், கருத்தும் மனதில் நிற்கும்.

ஒன்பதாம் வகுப்பில் ஏன் வெடிக்கிறது?

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் வாசிப்பில் திணறும் பிள்ளையை யாரும் கண்டுகொள்ளாவிட்டால், அந்தச் சிக்கல் எட்டு வருஷம் மூடியே கிடக்கும்.

தொடக்க வகுப்புகளில் ஒரே ஆசிரியர் நாள் முழுக்கக் கூட இருப்பார். 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சியும் உண்டு. ஆறாம் வகுப்புக்கு மேல் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளையை ஒரு பீரியட்தான் பார்க்கிறார். ‘என் பாடத்துல வீக்’ என்று அறிவியல் ஆசிரியர் நினைக்கிறார். சமூக அறிவியல் ஆசிரியரும் அதையே நினைக்கிறார். ஐந்து பாடத்திலும் தடுக்குவது ஒரே கல் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

ஒன்பதில் பாடம் கனமாகிறது. பத்தில் பொதுத்தேர்வு. 35 மதிப்பெண் என்ற கோடு வந்து நிற்கிறது.

தருமபுரி மாதிரி மாவட்டத்தில் இதன் விலை அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான். மாநில சராசரி 80 சதவீதத்தை ஒட்டி இருந்தபோது இங்கே 68.5 சதவீதம். அதாவது, வீட்டில் உட்கார்ந்து பாடம் வாசித்துக் காட்ட ஆள் இல்லாத குடும்பங்கள் நிறைய. சென்னையில் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் தனி வகுப்பு, தெரபிஸ்ட் என்று தேட வழி உண்டு. 1990-களின் தொடக்கத்திலிருந்தே அங்கே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் செயல்படுகிறது. நல்லம்பள்ளி ஒன்றியத்து கிராமத்துப் பிள்ளைக்கு இருப்பது அந்த வகுப்பறை மட்டும்தான். அங்கேயும் கைவிட்டால் பையன் பெங்களூரு கட்டட வேலைக்குப் போவான். பெண்ணுக்கு, குழந்தைத் திருமணம் இன்னும் முழுசாக ஒழியாத மாவட்டத்தில், வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள்.

பாட ஆசிரியர் என்ன செய்யலாம்?

‘40 பேர் இருக்காங்க, போர்ஷன் முடிக்கணும், ஒருத்தனுக்காக எப்படி நிக்கிறது?’ என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. கீழே இருப்பவை தனி வகுப்பு கேட்பவை இல்லை. நடக்கும் வகுப்பையே கொஞ்சம் மாற்றி அமைப்பவை.

அறிவியல்: பாடம் தொடங்கும் முன் அந்தப் பாடத்தின் ஐந்தாறு புதுச் சொற்களைப் போர்டில் பிரித்து எழுதி, எல்லோரும் ஒன்றாகச் சொல்லிப் பார்க்கலாம். ‘அடுத்து நீ வாசி’ என்று திடீரென்று எழுப்பாமல், வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே சொல்லிவிடலாம். விடையைப் பத்தியாக எழுத முடியாதவர் படம் வரைந்து பாகம் குறிக்கட்டும். ஒளிச்சேர்க்கை தெரியுமா என்பதுதான் கேள்வி. அழகாக வாக்கியம் அமைக்கத் தெரியுமா என்பது தமிழ் வகுப்பின் கேள்வி.

கணக்கு: வார்த்தைக் கணக்கை ஆசிரியர் ஒருமுறை சத்தமாக வாசித்துவிடலாம். அரை நிமிஷம் ஆகும். எண்கள் வரிசை மாறும் பிள்ளைக்குக் கட்டம் போட்ட நோட்டு கொடுத்தால் ஒன்று, பத்து, நூறு தத்தம் இடத்தில் நிற்கும். திருத்தும்போது இரண்டு தப்பைப் பிரித்துப் பார்க்கலாம்: எண்ணை மாற்றி எழுதியது ஒன்று, முறையே தெரியாதது இன்னொன்று. முதலாவதற்கு வழிமுறை மதிப்பெண் கொடுத்தால் பிள்ளை அடுத்த கணக்கைத் தொடுவான். உதாரணத்தில் ‘வணிகர்’ இருக்கும் இடத்தில் ஆட்டுச் சந்தையை வைத்தால், சந்தையில் தெரிந்தது நோட்டுக்கும் வரும்.

சமூக அறிவியல்: பக்கம் பக்கமாக வாசிப்பதுதான் இங்கே பிரச்சினை. காலக்கோடு, வரைபடம், கதை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலேயே அதியமான்கோட்டை இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான், ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி என்று வாய்மொழியாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கி, புத்தகத்துக்குப் போகலாம். முதலில் கேட்டுவிட்டு அப்புறம் வாசித்தால், தெரியாத எழுத்துக்கூட்டத்தில் தெரிந்த சொற்கள் கண்ணில் படும்.

ஆங்கிலம்: எழுத்து ஒன்று, ஒலி வேறு என்பதால் இங்கே சிரமம் இரட்டிப்பு. வாசிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கவிடுவது, டிக்டேஷனில் பத்துச் சொல்லுக்குப் பதில் நான்கு சொல் கொடுப்பது, எழுத்துப்பிழைகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிடாமல் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருத்துவது போன்றவை உதவும்.

இன்னும் ஒன்று, போர்டில் எழுதுவதை எல்லாம் பார்த்து எழுதச் சொல்வது. எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு முழு கவனமும் காப்பி அடிப்பதிலேயே போய்விடும், காதில் எதுவும் விழாது. பக்கத்து மாணவரின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாலே அந்த பீரியட் மிச்சமாகும்.

மணலும் சட்டாம்பிள்ளையும்

டிஸ்லெக்ஸியா பயிற்சியில் உலகம் முழுக்கச் சொல்லப்படுவது பல புலன் முறை. எழுத்தைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, காதால் கேட்டு, விரலால் தடவி எழுதுவது. அமெரிக்காவில் 1930-களில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்ஹாம் இருவரும் உருவாக்கிய முறை இதில் பிரபலம்.

நம் ஊர் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் படித்தது கிட்டத்தட்ட இதுதான். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துத் தன் பள்ளியில் பயன்படுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்தது.

40 பேர் வகுப்பில் ஆசிரியரின் இரண்டு கை போதாது என்கிறபோது, சக மாணவரின் உதவி பெரிய விஷயம். ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அர்த்தம் சொல்வது. இதில் ஒரு கண்டிஷன்: எப்போதும் ஒரே பிள்ளை ‘உதவி வாங்குபவர்’ ஆகிவிடக் கூடாது. படம் வரைவதில், செய்முறையில், மனக்கணக்கில் அந்தப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் முறையும் வர வேண்டும்.

ஃபோனும் உதவும். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் பல பாடங்களுக்கு வீடியோ வரும். வாசிக்கத் திணறும் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு வகுப்புக்கு வந்தால், பாடம் முதல் முறையாகக் கேட்பதாக இருக்காது. அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்தால் சத்தமாக வாசித்துக் காட்டும் செயலிகளும் வந்துவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ல் வந்தது. 2017 ஏப்ரலில் அமலானது. அது பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து, கற்பிக்கும் முறையில் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. இது பள்ளியின் கடமை. ‘உங்க பையனை வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்க’ என்பது தீர்வு இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-வது பிரிவு பேசுகிறது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில், உரிய மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் கிடைக்கின்றன. உயர்கல்வியில் அரசு நிறுவனங்களில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் இவர்களும் வருகிறார்கள்.

‘அவனுக்கு மட்டும் ஏன் எக்ஸ்ட்ரா டைம்?’ என்று மற்ற பெற்றோர் கேட்கலாம். கண்ணாடி போட்ட பிள்ளையைக் கழற்றிவைத்துவிட்டுத் தேர்வு எழுதச் சொல்வதில்லையே, அதே நியாயம்தான் இங்கேயும். உச்ச நீதிமன்றமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2021-ல் அவ்னி பிரகாஷ் வழக்கில், டிஸ்கிராபியா உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கிடைக்க வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரம் தேர்வு மையத்தில் மறுக்கப்பட்டது. அது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுதேர்வு நடத்த உத்தரவிடவில்லை, வேறு நிவாரணத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. சட்டத்தில் இருந்த உரிமை, அன்றைக்கு அந்த மையத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாததால் கைக்கு வரவில்லை. வகுப்பறையிலும் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சான்றிதழ் வாங்க எங்கே போவது?

முதல் படி, தலைமை ஆசிரியர். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வியின் கீழ் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மாணவர்களிடம் குறைபாடுகளுக்கான அறிகுறிகள் உள்ளதா என ஆசிரியர்கள் பதிவுசெய்ய ‘நலம் நாடி’ செயலியும் இருக்கிறது.

அடுத்து பரிசோதனை. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி முதலில் குழந்தைநல மருத்துவர் பார்ப்பார், கண் மற்றும் காது பரிசோதனை உட்பட. பிறகு உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை செய்வார். அதன் பிறகே கற்றல் குறைபாட்டுக்கான சோதனை. இதற்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு பயன்படுகிறது. 2018-ல் வெளியான வழிகாட்டுதல்படி சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான் தரப்பட்டது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஒன்றியங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களிலும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

கவனிக்க: பொதுத்தேர்வுச் சலுகைக்குப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் தாமதமாகிவிடும். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் வேலையை ஆரம்பிப்பது நல்லது. இன்னொன்று, சொல்வதை எழுதுபவர் கிடைத்தால் மட்டும் போதாது. விடையை வாயால் கோர்வையாகச் சொல்லப் பழக வேண்டும். பள்ளித் தேர்வுகளிலேயே நாலைந்து முறை அப்படி எழுதிப் பார்த்தால்தான் பொதுத்தேர்வில் பதற்றம் இருக்காது.

சான்றிதழ் வரும் வரை காத்திருக்கணுமா?

வேண்டாம். முக்கியமான விஷயம் இதுதான். பொதுத்தேர்வுச் சலுகைக்குத்தான் சான்றிதழ் தேவை. கேள்வியைச் சத்தமாக வாசித்துக் காட்ட யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கும் இடம் உண்டு. மாதிரி செய்வது, பேசிக் காட்டுவது, செய்துகாட்டுவது என்று ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்ததை எழுதாமலே நிரூபிக்க இப்போதைய விதிகளே இடம் தருகின்றன.

ஆசிரியர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் கட்டுவதும் நியாயமில்லை. பி.எட். படிப்பில் உள்ளடங்கிய கல்வி பற்றி ஒரு தாள் வருகிறது. ஒரு தாளைப் படித்துவிட்டு வரும் ஆசிரியர் டிஸ்கால்குலியாவைத் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊர் ஊராகப் பல பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் ஒரு நாள் வந்தாலே பெரிது. மீதி நாலு நாள் அந்தப் பிள்ளை பாட ஆசிரியர்களோடுதான் இருக்கிறது. இரண்டு பேரும் மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் உட்கார்ந்து, ‘இந்த மாசம் இவனுக்கு எந்தப் பாடத்துல எது தடுக்குது’ என்று பேசிக்கொண்டால் நிறைய மாறும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வாசிக்கத் தெரியாத பெற்றோராலும் முடிகிற உதவிகள் உண்டு. ‘இன்னிக்கு சயின்ஸ்ல என்ன நடத்துனாங்க, சொல்லு கேப்போம்’ என்று சாயங்காலம் கேட்பது ஒன்று. பிள்ளை வாய்மொழியாகப் பாடத்தைக் கோர்த்துச் சொல்லப் பழகும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காரவைக்காமல், இருபது நிமிஷமாகப் பிரித்துவிடுவது இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் முந்தையது.

பள்ளியில் போய் ‘என் பையன் நல்லா படிப்பானா சார்?’ என்று மட்டும் கேட்காமல், ‘வாய்ல கேட்டா பதில் சொல்றானா சார்? எழுதச் சொன்னாதான் நிக்கிறானா?’ என்று கேட்கலாம். ஆசிரியர் அதற்கு யோசிக்க வேண்டியிருக்கும். பல இடங்களில் அந்த யோசனையிலிருந்துதான் விஷயமே தொடங்கும்.

திரும்பவும் அந்தப் புதன்கிழமை வகுப்புக்கே வருவோம். நாலு வரிக் கணக்கு. பையன் முதல் வரியில் நிற்கிறான். இந்த முறை சார் பக்கத்தில் போய், கணக்கை மெதுவாக வாசித்துக் காட்டுகிறார். பையன் ஒரு நொடி மேலே பார்க்கிறான், விடையைச் சொல்கிறான். “சரிதான்டா. எப்படி வந்துச்சு, அதை நோட்டுல போட்டுக் காட்டு” என்கிறார் சார்.

அவ்வளவுதான். அவனுக்கு வாசிப்பு இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக, பொறுமையாகப் பல மாதப் பயிற்சி தேவை. ஆனால் கணக்கு தெரியும் என்பது இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.